பலகையில் ஏறிய ஐசக் அண்ணன்

போன வாரம் பூனை கடித்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். கை ஆறிவிட்டது, அக்கறையோடு விசாரித்தவர்களுக்கு நன்றி. இந்த வாரம் கடிபட்டது வேறொருவர். கடித்தது நான்.

மழைக்காலத்தில் ஒரு முற்பகல். புனேயில் போபோடியை ஒட்டி இருக்கும் எங்கள் விலங்கு மருத்துவமனையில் காத்திருக்கும் கூடம் முழுக்க நனைந்த நாயின் வாடை. பினாயில் போட்டுத் துடைத்தால் இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாடை வரும். அதற்கு எந்த மொழியிலும் பெயர் கிடையாது.

சுவரில் புதிதாக மாட்டியிருந்த ஊழியர் பலகைக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நரைத்த முறுக்கு மீசை. காலடியில் ஷேரு என்ற லாப்ரடார். பெரியவர் விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தார். நான் மூன்று வாரம் மண்டையை உடைத்து எழுதிய பலகை ஆயிற்றே, ஒருவராவது ஒழுங்காகப் படிக்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை.

விரல் ஓர் இடத்தில் நின்றது.

"ஐசக் யார்?" என்று இந்தியில் கேட்டார்.

சிகிச்சை அறையிலிருந்து ஐசக் அண்ணன் அப்போதுதான் வெளியே வந்தார். கையில் துண்டில் சுற்றிய பூனை. "நான்தான், சாப்" என்றார்.

"ராணுவ நாய்ப் படையா? எந்த யூனிட்?"

ஐசக் அண்ணன் பெரியவரைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

இரண்டு நாள் விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்தார் அவர். பலகையை அதுவரை பார்க்கவில்லை. பூனையை அணைத்தபடியே கிட்டப் போய், தன் படத்துக்குக் கீழே மராத்தியில் இருந்ததை வாய்க்குள் படித்தார். 'முன்பு ராணுவ நாய்ப் படையில் பணியாற்றியவர்.'

"இது தப்பு, சாப். நான் பட்டாளத்தில் இருந்ததே இல்லை" என்றார்.

கூடத்தில் நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டன என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. ஒரு பொமரேனியன் கத்திக்கொண்டேதான் இருந்தது. அதையும் மீறிப் பெரியவர் குரல் எழும்பியது. "நான் அந்தப் படையில் இருந்து ஓய்வு பெற்றவன். இல்லாத ஒருவனை அங்கே இருந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த சனிக்கிழமை ஷேருவின் காதைக் காட்ட வருவேன். அதற்குள் இந்த ஆள் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்."

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். வந்தவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐசக் அண்ணனிடம்தான் சொன்னார்: "சனிக்கிழமைக்குள் பழைய வேலையின் காகிதத்தைக் கொண்டு வா. பொய் சொல்லிச் சேர்ந்தவனை இங்கே வைத்துக்கொள்ள முடியாது."

ஐசக் அண்ணன் தலையை ஆட்டினார். பூனையைக் கூண்டில் விட்டார், கை கழுவினார், குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை.

நான் உள்ளே வந்த கதை

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஜெயந்தி, பாளையங்கோட்டைக்காரி. விமான் நகரில் ஒரு கம்பெனியில் பதினான்கு வருஷம் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்த்தேன். அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். என் குணத்துக்கு அது அல்வா மாதிரி.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டுப் பத்து நிமிஷம் பேசினார்கள். வெளியே வரும்போது கழுத்தில் அடையாள அட்டை இல்லை. அக்கம்பக்கத்தில், சொந்தக்காரர்களிடம், ஏன், என் அம்மாவிடமே, "நானே விட்டுட்டேன்" என்றுதான் சொன்னேன். நிக்டியில் எங்கள் வீட்டில் ஏழு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது என் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அந்த ஏழாவது மாதத்தில் எங்கள் குடியிருப்பின் தெருநாய் ஒன்றுக்குக் கால் ஒடிந்தது. ஆட்டோவில் போட்டு இங்கே கொண்டுவந்தேன். வரவேற்பில் பெரிய ரகளை. இங்கே கோப்புகள் செல்லத்தின் பெயரோடு வீட்டுக்காரரின் குடும்பப் பெயரைச் சேர்த்துத்தான் இருக்கும். டைகர் குல்கர்னிக்கு எழுதிய மருந்தை டைகர் ஷேக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். நடுவில் டைகர் பிள்ளை என்று ஒருவர் வேறு வாலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். மேசைக்கு அந்தப் பக்கம் போய், எல்லாரையும் நாலு திட்டுத் திட்டிக்கொண்டே அத்தனை கோப்பையும் அடுக்கிவிட்டேன். எங்கள் டாக்டர் மேடம் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துவிடு" என்றார். அவ்வளவுதான் என் நேர்முகத் தேர்வு.

பேசத் தெரியாதவர்களிடம் கேட்பதெப்படி

மனுஷ ஆஸ்பத்திரிக்கும் எங்களுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அங்கே நோயாளியைப் பார்த்து "என்ன செய்யுது?" என்று கேட்பார்கள். இங்கே நோயாளியை யாரும் கேட்பதில்லை, கூட்டி வந்தவரைத்தான் கேட்போம்.

அதற்கென்று ஒரு தாள் உண்டு. பெயர், வயது, நிறம், இதற்கு முன் எங்கே இருந்தது, என்ன சாப்பிடும். கடைசிக் கட்டம் 'கடிக்குமா?' அதை மட்டும் சிவப்புப் பேனாவால் நிரப்ப வேண்டும்.

ஒருவர் சொல்வதை நம்பவும் கூடாது. "அது ஒண்ணுமே சாப்பிடலை" என்பார் கணவர். மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் ராத்திரி இவர் ஊட்டிவிட்ட சிக்கன் கதை வெளியே வரும். மூன்று பேரைக் கேட்டு, மூன்றும் ஒத்துப்போனால் எழுது என்பது இங்கே எழுதாத சட்டம். பழைய வேலையிலும் எனக்கு அதே பழக்கம்தான். ஆக, வந்த முதல் வாரமே இதில் நான் கில்லாடி ஆகிவிட்டேன்.

இந்த நிலையில்தான் நிர்வாகத்துக்குப் பலகை ஆசை வந்தது. ஊழியர்களின் படம், அவர்கள் இதற்கு முன் என்ன செய்தார்கள், ஆளுக்கு இரண்டு வரி. "ஜெயந்தி, நீதான் எழுதுகிறாய்" என்றார் மேனேஜர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பழக்கத்தில் நோயாளித் தாள் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சுனீதா தாயியைப் பற்றி அமேயிடம் கேட்டேன். அமேயைப் பற்றிச் சுனீதா தாயியிடம் கேட்டேன். இரண்டு பேரைப் பற்றியும் வாட்ச்மேனிடம் கேட்டேன். அந்தந்த ஆளையே கேட்கலாம் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. சத்தியமாக!

குழப்பமோ குழப்பம். சுனீதா தாயி (தாயி என்றால் மராத்தியில் அக்கா) எங்கள் நர்ஸ். அவர் முன்பு பியூட்டி பார்லர் வைத்திருந்தார் என்றான் அமேய். இல்லை, போலீஸ் வேலைக்கு ஓடி ஓடிப் பழகினார் என்றார் வாட்ச்மேன். நர்ஸிங் படித்தவர் என்றார் டாக்டர் மேடம். அப்புறம்தான் தெரிந்தது, மூன்றும் உண்மை. அமேய் ரத்தப் பரிசோதனை செய்பவன். அவன் கப்பலில் சமையல்காரனாக இருந்தானாம். "அதனாலதான் ரத்தக் குழாயைக் குலுக்கறப்ப கரம் மசாலா போடற மாதிரியே இருக்கு" என்றார் சுனீதா தாயி.

ஐசக் அண்ணன் விஷயத்தில்தான் குழப்பமே இல்லை. அமேய், சுனீதா தாயி, வாட்ச்மேன் மூன்று பேரும் ஒரே குரலில், "அவர் ஆர்மி. நாய்ப் படை" என்றார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. எழுதிவிட்டேன்.

கடைசியில் ஒரு வரி மட்டும் யாரையும் கேட்காமல் நானே எழுதினேன். 'ஜெயந்தி: விலங்குகள் மேல் கொண்ட அன்பால் மென்பொருள் துறையைத் துறந்து வந்தவர்.'

பையில் கயிறு

ஐசக் அண்ணனைப் பற்றி அவர்கள் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. மிருகங்களைப் பிடித்துக்கொள்வதுதான் அவர் வேலை. டாக்டர் ஊசி போடும்போது, தையல் பிரிக்கும்போது, அது அசையாமல் இருக்க வேண்டும். ஒரு கை தாடைக்குக் கீழே, ஒரு கை வயிற்றுக்குக் கீழே. காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, முடிஞ்சிடுச்சு" என்பார். புனேயில் பிறந்து வளர்ந்த நாய்க்குத் தமிழ் எப்படிப் புரிகிறது என்று நான் கேட்டதுண்டு. "அதுக்கு இந்தியும்தான் புரியாது, சோடு, விட்டுடும்மா" என்றார்.

அவருக்கு ஒரு பழக்கம். மேசைமேல் ஏற்றியதும் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்வார். திருப்பிக் கொடுக்க மறந்தும் போவார். எந்த நேரமும் அவர் சட்டைப் பையில் இரண்டு மூன்று கயிறு கிடக்கும். அதற்காக எத்தனை தடவை அவரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன்!

அப்படிப்பட்டவர் மூன்று நாளாக வரவில்லை. டாபர்மேன் ஒன்றை மூன்று பேர் சேர்ந்து பிடித்து, மூன்று பேரும் கட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. மனுஷன் பொய் சொன்னாரா? பொய் சொன்னவர் ஏன் கேட்ட மாத்திரத்தில் இல்லை என்று ஒத்துக்கொண்டார்? பொய் சொல்லவில்லை என்றால் மூன்று பேருக்கும் யார் சொன்னது? புலம்பிக்கொண்டே இருந்தேன்.

"ஏட்டி, அந்த ஆளையே போய்க் கேட்டா என்ன?" என்றார் என் வீட்டுக்காரர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்று கத்திவிட்டு, மறுநாள் நேராக டாக்டர் மேடத்திடம்தான் போனேன். பழக்கம் விடுமா?

"ஐசக் எப்படி இங்கே சேர்ந்தார், மேடம்?"

"அவருடைய மச்சான் கூட்டி வந்தார். ராணுவ நாய்களோடு இருந்தவர் என்று சொன்னார்."

"ஐசக் என்ன சொன்னார்?"

டாக்டர் மேடம் பேனாவை வைத்துவிட்டார். "ஐசக் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதினோரு வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிற மனுஷனை ஒரு ஜீவன்கூட வாயைத் திறந்து கேட்கவில்லை.

இரண்டு கைகள்

போபோடிச் சந்தில் அவர் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வாசலில் ஐசக் அண்ணன் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். வேலூர்ப் பக்கமிருந்து அவர் தாத்தா காலத்தில் வந்த குடும்பம். அவர் தமிழில் பாதி இந்தி.

"வாம்மா ஜெயந்தி. மேரி, சாய் வை" என்றார், ஒன்றுமே நடக்காதது மாதிரி.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணே, நீங்க பட்டாளத்துல இல்லன்னா இல்லன்னு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? எல்லாரும் என்னையப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்களே!"

"யாரு கேட்டா?" என்றார்.

நான் வாசல்படியில் உட்கார்ந்தேன்.

அவர் மனைவி மேரி அக்கா டீயோடு வந்து நின்றார். "எங்க அண்ணன்தான் அப்படிச் சொல்லி வெச்சாரு. இவரு எங்க வேலை பாத்தாருன்னு நெசத்தச் சொன்னா யாரும் சேக்க மாட்டாங்கன்னு. இவருக்கு அப்ப வாயத் தொறக்கவே தெம்பு இல்ல. அப்புறம் சொல்றதுக்கு லேட் ஆயிடுச்சு" என்றார்.

"எங்க வேலை பாத்தீங்க, அண்ணே?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "பாகல்கானா. மனசு சரியில்லாதவங்க ஆஸ்பத்திரி. இந்த ஊரு இல்ல, வேற ஊரு. பதினெட்டு வருஷம் வார்டுல இருந்தேன். முரண்டு பண்றவங்களப் பிடிக்கணும், கட்டணும். அதான் டூட்டி."

நறுக்கிய பீன்ஸை ஒதுக்கி வைத்தார். "ஒரு வாத்தியாரு இருந்தாரும்மா. கணக்கு வாத்தியாரு. வயசானவரு. ஒரு நாளு காலைல சும்மா ஜன்னல் தொறக்கத்தான் உள்ள போனேன். கையில கயிறு இல்ல, ஒண்ணும் இல்ல. என்னப் பாத்ததும் ரெண்டு கையையும் சேத்து நீட்டிட்டாரு, கட்டிக்கோன்னு. நான் வேணாம் சார், வேணாம் சார்ன்றேன். அவரு கையை எறக்கவே இல்ல."

"மறுநாள்லேருந்து போகலை" என்றார்.

நான் அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் படவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டு நன்றாகவே அழுதேன். அவர் பையிலிருந்த கயிறுகளுக்காக அவரிடம் கத்தியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

"இந்த வேலை போனா எனக்கு வேற வேலை தெரியாதும்மா" என்றார் அவர். "மிருகம் எதுவும் என்னைப் பாத்துக் கையை நீட்டலை, அதனாலதான் இங்க இருந்தேன்."

நான் என் பையைத் திறந்தேன். உள்ளே அந்த நோயாளித் தாள் கட்டு. ஒன்றைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பேரு?"

"என்னம்மா, தெரியாதா?"

"தெரியாது. நீங்க சொல்லுங்க."

"ஐசக் சாமுவேல்" என்றார். ஒவ்வொரு கட்டமாகக் கேட்டேன், ஒவ்வொன்றாகச் சொன்னார். இதற்கு முன் எங்கே இருந்தது என்ற கட்டம் போதவில்லை. தாளின் பின்பக்கம் முழுக்க எழுதினேன். 'கடிக்குமா?' என்று வந்தபோது மேரி அக்கா, "இல்லன்னு போட்டுக்க" என்றார்.

சனிக்கிழமை

காலையிலேயே மேனேஜரின் அறைக்குப் போய்த் தாளை மேசையில் வைத்தேன். "பலகையில் எழுதியது நான். ஐசக் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை" என்றேன்.

படித்தார். "மனநோய் ஆஸ்பத்திரியா?" என்று முகத்தைச் சுளித்தார். "அந்த ராணுவக்காரர் வரட்டும். புகார் சொன்னவர் அவர். அவர் ஒத்துக்கொண்டால் ஐசக் இருக்கட்டும், இல்லையென்றால் இல்லை."

ஐசக் அண்ணனை நான்தான் வற்புறுத்தி வரவழைத்திருந்தேன். பலகையில் அவர் வரிக்கு மேல் கட்டுப் போடுகிற பிளாஸ்திரியை ஒட்டியிருந்தேன். பெரியவர் வந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான்.

ஐசக் அண்ணன் அவருக்கு எதிரே போய் நின்றார். "சாப், நான் பட்டாளத்தில் இல்லை. பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பிடித்துக் கட்டுகிறவனாக இருந்தேன். பிறகு அதை விட்டுவிட்டேன்" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அப்படியானால் நீ எழுதச் சொல்லவில்லையா?"

"இல்லை, சாப்."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "இவரிடம் நீ கேட்கவே இல்லையா?"

"இல்லை" என்றேன்.

"புதுசாக ஒரு நாய் வந்தால்கூட நான் முதலில் என் கையை அதன் மூக்கருகே நீட்டி, அது என்ன சொல்கிறது என்று பார்ப்பேன்" என்றார்.

பிறகு ஷேருவின் கயிற்றை ஐசக் அண்ணன் கையில் கொடுத்தார்.

அண்ணன் மேசையில் ஏற்றினார், கயிற்றை அவிழ்த்தார், பைக்குள் போட்டார். ஒரு கை தாடைக்குக் கீழே, ஒரு கை வயிற்றுக்குக் கீழே. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல." டாக்டர் மேடம் காதைச் சுத்தம் செய்து முடித்தார். பெரியவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது, "என் கயிறு?" என்றார். அண்ணன் பையில் கைவிட்டு நான்கு கயிறுகளை எடுத்து, எது அவருடையது என்று தெரியாமல் விழித்தார். "சரி, நீயே வைத்துக்கொள்" என்று ஷேருவைக் கழுத்துப்பட்டையோடு பிடித்துக்கொண்டு அவர் போனார். கதவருகே நின்றிருந்த மேனேஜர் அந்தத் தாளை மடித்துக் கோப்பில் வைத்தார்.

அன்று மத்தியானம் கூடம் காலியாக இருந்தது. பலகைக்கு முன்னால் ஐசக் அண்ணன் நின்றிருந்தார். பிளாஸ்திரிக்குப் பதில் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"நான் சொன்னதையே எழுது" என்றார். பிறகு விரல் நகர்ந்தது. என் படத்துக்குக் கீழே வந்து நின்றது. "அன்பால துறந்து வந்தவராம். இது நெசமாம்மா?"

"உங்க சோலியைப் பாருங்க, அண்ணே!" என்று சீறினேன்.

அவர் சிரித்தார். மேசையிலிருந்த தாள் கட்டை எடுத்தார். எனக்கு எதிரே, செல்லங்களைக் கூட்டி வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"சொல்லு" என்றார்.

சொன்னேன். பத்து நிமிஷம் பேசி என்னை அனுப்பியதை, அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்ததை, ஏழு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை, அம்மாவிடம் சொன்ன பொய்யை. அவர் நடுவில் குறுக்கிடவில்லை. மராத்தி எழுத்தில், ஒவ்வொரு கொம்பையும் கோட்டையும் நிதானமாகப் போட்டு எழுதினார். இதற்கு முன் எங்கே இருந்தது, என்ன சாப்பிடும், எல்லாம் முறையாக என்னையே கேட்டார்.

கடைசிக் கட்டம் வந்தது. அதை மட்டும் அவர் கேட்கவில்லை. என் பக்கமிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, தானே நிரப்பிக்கொண்டார்.